பத்தரை மணித் தண்ணீர்

அனுப்புநர்: குணவதி, பத்து காவான்.
பெறுநர்: திருமதி அமலம்மாள், ஜெலுத்தோங்.
நாள்: 19.3.2025, புதன்கிழமை.
பொருள்: எவ்லின் மலையில் மயங்கி விழுந்த காரணம்.

அன்புள்ள அமலம்மாள் ஆண்டிக்கு,

வணக்கம். உங்கள் மூன்றடுக்கு டிபன் கேரியர் என்னிடம் இருக்கிறது. திங்கட்கிழமை மாலை காமினி கொண்டுவந்து கொடுத்தாள். மேல் அடுக்கில் நெத்திலிச் சம்பால், நடுவில் கத்தரிக்காய்ப் பிரட்டல், அடியில் தேங்காய்ச் சோறு. மூன்றையும் ஒரே மூச்சில் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் நீங்கள் அனுப்பியிருந்த குரல் செய்தியைத் திறந்தேன். முதலில் அதைக் கேட்டிருந்தால் சோற்றில் கை வைத்திருக்க மாட்டேன்.

"குணா, நீ இல்லன்னா எம்புள்ள இல்லம்மா," என்கிறீர்கள் அதில். "தப்பு எம்மேலதான். மல ஏறப் போற புள்ளய, தவக்காலத்து வெள்ளி, ஒருசந்தி இருந்துதான் ஆகணும்னு நாந்தான் புடிவாதம் புடிச்சேன். பட்டினி போட்டு அனுப்பிட்டேன். மாதாகிட்ட அழுதுட்டேன்."

நான்கு தடவை கேட்டேன். நடுவில் ரேமண்ட் அங்கிள் "போதும், குடு போன" என்று சொல்வதும் கேட்கிறது.

பாரிட் புந்தார் தமிழ்ப் பள்ளியில் எங்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தபோது, சுற்றி வளைக்காமல் விஷயத்தை முதலில் எழுத வேண்டும் என்றார்கள். எழுதிவிடுகிறேன். எவ்லின் விழுந்ததற்கும் நீங்கள் சொன்ன ஒருசந்திக்கும் சம்பந்தம் கிடையாது. அதற்குக் காரணம் நான். எப்படி என்பதை நடந்தது நடந்தபடி கீழே எழுதுகிறேன். படித்த பிறகு, இனி அவளை என்னோடு எங்கும் அனுப்புவதில்லை என்று நீங்கள் முடிவு செய்யலாம். டிசம்பரில் நாங்கள் மூவரும் போவதாக இருக்கும் வியட்நாம் பயணமும் அதோடு நின்றுபோகலாம். அது தெரிந்துதான் எழுதுகிறேன். நீங்கள் செய்யாத தப்புக்கு மாதா முன்னால் அழ, நான் உங்கள் சம்பாலைச் சாப்பிட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

எவ்லின் சொல்ல வேண்டாம் என்றாள். காமினியும், "உயிரோட இருக்கா இல்ல, விடு லா. ஆண்டிகிட்ட ஏன் போயி வாங்கிக் கட்டிக்கிற?" என்றாள். அதனால்தான் போனில் தட்டாமல் தாளில் எழுதுகிறேன். எவ்லின் மலாய்ப் பள்ளியில் படித்தவள், தமிழ் எழுத்து கூட்டிக்கூட வாசிக்கத் தெரியாது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் வாசிப்பவர். நீங்கள் வாசித்துவிட்டு, அவளிடம் எதைச் சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லுங்கள்.

எங்கள் வேலை இடத்தைப் பற்றி முதலில் கொஞ்சம் தெரிய வேண்டும். எவ்லின் வீட்டில் சொல்லியிருக்க மாட்டாள். நாங்கள் நிற்பது கிளீன்ரூம். தூசி ஒன்று விழுந்தால் சரக்கு கெட்டுவிடும். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை வெள்ளை ஜம்ப்சூட், அதற்கு மேல் தலைமூடி, முகமூடி, இரண்டு கைக்கும் உறை, காலுக்கு பூட்ஸ். உள்ளே தண்ணீர் குடிக்க முடியாது. குடிக்க வேண்டுமென்றால் வெளியே வந்து எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும், அதற்கும் கழற்ற வேண்டும். கழற்றி, மாட்டி, திரும்ப உடுத்தி, காற்றடிக்கும் அறைக்குள் நின்று உள்ளே வர பன்னிரண்டு நிமிடம் ஆகும். நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஏழு மணிக்கு ஏறினால் ஏழு மணிக்கு இறங்கும் ஷிஃப்ட். நடுவில் பத்தரைக்கு ஒரு இடைவேளை, மூன்று மணிக்கு ஒரு இடைவேளை. எவ்லினும் காமினியும் நிற்கும் லைனுக்கு நான் லீடர். எவ்லின் இரண்டு வருடத்துக்கு முன் புதிதாக வந்து சேர்ந்தபோது முதல் நாளே அவளிடம் நான் சொன்னது இது: "காலைல வர்றதுக்கு முன்னால தண்ணி அளவா குடி. பத்தரைக்கு குடி, மூணுக்கு குடி. ஒரு வாரத்துல ஒடம்பு பழகிக்கும்."

பழகிக்கொண்டது. எல்லோருக்கும் பழகிக்கொண்டது. இடையில் வெளியே போகக் கூடாது என்று நிறுவனத்தில் எந்த விதியும் இல்லை. மாற்று ஆள் நின்றால் எப்போது வேண்டுமானாலும் போகலாம். மாற்று ஆளாக நிற்க வேண்டியவள் லீடர். நான் நின்றதில்லை. என் லைனில் எந்த மிஷினும் ஒரு நிமிடம் சும்மா இருக்காது என்று மற்ற ஷிஃப்டில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

இனி பயணம். வியட்நாமில் முதுகில் பையோடு பத்து நாள் அலைய வேண்டும் என்பது எவ்லினின் ஆசை. "மொதல்ல நம்ம தீவுல நடந்து பாப்போம், முட்டி தாங்குதான்னு" என்றாள் காமினி. வெள்ளி மாலை ஜார்ஜ் டவுனில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியில் படுப்பது, சனி காலை ஆயர் ஈத்தாம் அணைக்கட்டிலிருந்து மலையைத் தாண்டி பாலிக் புலாவ் நடப்பது, அங்கே ஒரு இரவு, ஞாயிறு பஸ்ஸில் திரும்புவது. திட்டம் இவ்வளவுதான். இந்த இவ்வளவுக்கு நான் இரண்டு பக்கம் அட்டவணை தயாரித்தேன். பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டேன்.

விடுதியில் என் பையைத் தூக்கிப் பார்த்த காமினி, "இஸ்திரி பெட்டிய மறந்துட்டியே குணா" என்றாள்.

"குணாக்கா மறக்கல. அடியில இருக்கும், நல்லா தேடு," என்றாள் எவ்லின்.

அன்று மாலை தொடங்கி இரவுவரை நீங்கள் ஐந்து முறை அழைத்தீர்கள். ஒவ்வொரு தடவையும் எவ்லின் போனை எல்லோரும் கேட்கும்படி வைத்தாள். "ஜெலுத்தோங்ல சொந்தக் கட்டில் இருக்கு. அத விட்டுட்டு எவனோ படுத்த பலகையில போயி படுக்கிறியே, அறிவு இருக்கா?" என்று நீங்கள் கேட்டது அந்த அறைக்கே கேட்டது. மேல் கட்டிலில் இருந்த ஜெர்மன் பெண் என்ன பிரச்சினை என்று விசாரித்தாள். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்றும் கேட்டாள். ஜெலுத்தோங் என்றாள் எவ்லின். ரொம்பத் தூரமா என்று கேட்டாள். பஸ்ஸில் பத்து நிமிடம் என்றதும் அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது.

ஒருசந்தியைப் பற்றி நீங்கள் கவலைப்படுவதால் இதையும் எழுதுகிறேன். ஆறு மணிவரை எவ்லின் எதுவும் சாப்பிடவில்லை. நான் சாட்சி. அதற்குப் பிறகு பாடாங் கோத்தாவில் இரண்டு தட்டு பசம்போர் சாப்பிட்டாள், இரண்டாவது தட்டில் பாதி காமினியுடையது. இறைச்சி தொடவில்லை. மறுநாள் காலை லிட்டில் இந்தியாவில் மூன்று தோசை, ஒரு வடை. பட்டினியாக யாரும் மலை ஏறவில்லை. எங்கள் மூவரில் அதிகம் சாப்பிட்டது அவள்தான்.

ஆனால் தோசைக் கடையில் மேசைமேல் தண்ணீர் வைத்திருந்தார்கள். எவ்லின் எடுத்தாள். நான்தான், "அளவா குடி. மேல டாய்லெட் கிடையாது. அடுத்த தண்ணி பத்தரைக்கு," என்றேன். அவள் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். என்னவோ நியாயமான பேச்சு என்றுதான் அப்போது மூவருக்கும் பட்டது. என் அட்டவணையில் தண்ணீருக்கு இரண்டு நேரம் இருந்தது. பத்தரை. மூன்று. வேறு ஏதோ யோசித்து எழுதியதில்லை. பேனா தானாக எழுதியது.

எட்டு பத்துக்கு அணைக்கட்டைத் தாண்டினோம். அன்றோடு பதினாறு நாளாக மழை இல்லை. காட்டுக்குள் நிழல் இருக்கும், குளுமையாக இருக்கும் என்று நினைத்தேன். நிழல் இருந்தது, காற்று இல்லை. மரத்துக்கு மரம் வெந்நீர் ஆவி நின்றதுபோல் இருந்தது. நாங்கள் வருடம் முழுக்க இருபது டிகிரி ஏர்கானில் நிற்பவர்கள். வீட்டிலிருந்து கம்பெனி பஸ், பஸ்ஸிலிருந்து கிளீன்ரூம். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தும் இந்த நாட்டு வெயில் எங்களுக்குத் தெரியாமல் போயிருந்தது. அந்த ஜெர்மன் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக எப்போதும் இரண்டு பாட்டில் வைத்திருந்தாள்.

ஒன்பதே காலுக்கு எவ்லின் பின்னாலிருந்து, "லீடர், ரெஸ்ட் எப்போ?" என்று கேட்டாள். வேலைக்கு வெளியே அவள் என்னை குணாக்கா என்றுதான் கூப்பிடுவாள். வேடிக்கைக்குக் கேட்கிறாள் என்று மூவரும் சிரித்தோம்.

"பத்தரைக்கு," என்றேன்.

"சரிங்க லீடர்."

ஒன்பது நாற்பதுக்கு அவள் பேச்சு நின்றது. உங்கள் மகள் பேசாமல் இருப்பது என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். காமினி என் பக்கத்தில் வந்து, "இவ வாய மூடிக்கிட்டு வர்றா. நல்லதில்ல. நிப்போமா?" என்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், ஆண்டி. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இன்னும் அம்பது நிமிஷம். மேட்ட தாண்டிட்டா எறக்கம்தான்," என்றேன்.

பத்து ஐந்துக்கு, மேட்டைத் தாண்டி இறங்கத் தொடங்கிய இடத்தில், எவ்லின் பாதையை விட்டு விலகி ஒரு மரத்துக்கு முன்னால் போய் நின்றாள். பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். பிறகு இரண்டு கையாலும் தலைக்குப் பின்னால் எதையோ பிடித்து முன்னால் இழுத்தாள். இடது கை விரல்களை ஒவ்வொன்றாக உருவினாள். பிறகு வலது கை. பிறகு கழுத்திலிருந்து வயிறுவரை ஒரு ஜிப்பை இறக்கினாள். ஜிப் எதுவும் கிடையாது, டீ சட்டைதான் போட்டிருந்தாள். உடை மாற்றும் அறையில் தினமும் நாங்கள் செய்வதை, அதே வரிசையில், ஒன்று விடாமல் செய்தாள். காமினி, "நடிக்கிறா பாரு," என்று சிரிக்க ஆரம்பித்தாள்.

எவ்லின் என்னைத் திரும்பிப் பார்த்து, மிக மரியாதையாக, "லீடர், கொஞ்சம் வெளிய போய்ட்டு வரவா? தண்ணி குடிச்சிட்டு ஓடி வந்துர்றேன். அஞ்சே நிமிஷம்," என்றாள்.

அப்படியே சரிந்தாள்.

தொட்டால் அடுப்பில் வைத்த சட்டிபோல் இருந்தாள். வியர்வை ஒரு பொட்டு இல்லை. அந்த நேரத்தில் என் முதுகில் நான்கு லிட்டர் தண்ணீர் இருந்தது. அவள் பையில் இரண்டு பாட்டில், மூடிகூடத் திறக்காமல். காமினி கத்திய கத்தலில் மலையே அதிர்ந்திருக்கும். நான் பாட்டிலைத் திறந்து எவ்லின் வாயில் ஊற்றப் போனேன்.

"வாயில ஊத்தாத, ஊத்தாத. நெஞ்சில போயிரும்," என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

அந்தச் சரிவு ஒரு ஜாதிக்காய்த் தோட்டம். புல் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் ஏறி ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவர் நல்லமுத்து அண்ணன், ஐம்பது வயது இருக்கும். பின்னால் வந்தவர் தோட்டத்துக்காரர் இக்மல். இருவரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. எவ்லினைத் தூக்கி மரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். ஓடையிலிருந்து தோட்டத்துக்கு வரும் கறுப்புக் குழாயை இக்மல் ஒரே இழுப்பில் மூட்டிலிருந்து பிடுங்கி, தண்ணீரை அவள் கழுத்திலும் அக்குளிலும் பாய்ச்சினார். நல்லமுத்து அண்ணன் தன் கைலியை நனைத்து அவள்மேல் போர்த்தினார். இரண்டு கிளையை ஒடித்து என்னிடம் ஒன்றும் காமினியிடம் ஒன்றும் கொடுத்து, "விசுறுங்க. நிறுத்தாதீங்க," என்றார். கடிகாரத்தில் இருபத்திரண்டு நிமிடம். என் வாழ்க்கையில் கடிகாரம் அவ்வளவு மெதுவாக ஓடி நான் பார்த்ததில்லை. பிறகு எவ்லின் கண்ணைத் திறந்து, "அம்மாட்ட சொல்லிறாதீங்க," என்றாள். அதுதான் அவள் பேசிய முதல் வார்த்தை. அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது.

இக்மல் சற்றுத் தள்ளி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். உதடு வெடித்திருந்தது. காமினி தன் பாட்டிலை அவரிடம் நீட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

"அவரு புவாசாம்மா," என்றார் நல்லமுத்து அண்ணன். நோன்பு மாதம் என்பது எங்களுக்கு மறந்தே போயிருந்தது. விடியற்காலையிலிருந்து ஒரு சொட்டுக் குடிக்காத மனிதர் இருபத்திரண்டு நிமிடம் தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

நல்லமுத்து அண்ணன் என் பையைத் தூக்கி ஓரமாக வைக்கப் போனவர், கனம் பார்த்துத் திறந்து பார்த்தார். பாட்டில் பாட்டிலாக எடுத்து வெளியே வைத்தார்.

"ஏம்மா, இந்தத் தண்ணி யாருக்குக் கொண்டுபோறீங்க? பாலிக் புலாவ்ல பஞ்சம்னு யாராச்சும் சொன்னாங்களா?"

நான் பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் இக்மலைக் காட்டினார்.

"அவரு புவாசா. குடிக்காததுக்கு ஒரு காரணம் இருக்கு. அதுவும் விடிகாலைல நல்லா குடிச்சி வச்சிக்கிட்டுதான் வேலைக்கு எறங்குறாரு, வெயில் ஏறுறதுக்குள்ள வீட்டுக்குப் போயிருவாரு. நீங்க என்னா கணக்குல குடிக்கல?"

"பத்தரைக்குன்னு வச்சிருந்தோம் அண்ணே," என்றாள் காமினி மெதுவாக.

அவர் கையை நிழலுக்கு வெளியே நீட்டி வெயிலைப் பார்த்தார். என் கழுத்தில் தொங்கிய அட்டவணையையும் பார்த்தார். ஒரு பாட்டிலைத் திறந்து என்னிடம் கொடுத்து, "மொதல்ல நீ குடி. நீயும் விழுந்தா தூக்க ஆள் இல்ல," என்றார். குடித்தேன். நேரம் பத்து முப்பத்து நான்கு. அதைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஆம்புலன்ஸைக் கீழே இறங்கித்தான் கூப்பிட முடியும், கூப்பிட்டாலும் தார்ச் சாலைவரைதான் வரும். தோட்ட மோட்டார் சைக்கிளில் இக்மல் ஓட்ட, நடுவில் எவ்லின், பின்னால் காமினி அவளை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, அந்தச் சரிவில் அவர்கள் இறங்கியதை நான் மேலிருந்து பார்த்தேன். நானும் நல்லமுத்து அண்ணனும் மூன்று பைகளோடு நடந்து இறங்கினோம். என் பையை அவர்தான் சுமந்தார்.

நான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது எவ்லின் கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. வந்தபோது உடம்புச் சூடு நாற்பது டிகிரியைத் தாண்டி இருந்ததாம். குழாய்த் தண்ணீர் படாமல் வந்திருந்தால் பேச்சு வேறாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் எவ்லின், "நாந்தான் மறந்துட்டேன் டாக்டர். ரெண்டு பேரும் குடி குடின்னு சொல்லிக்கிட்டேதான் வந்தாங்க," என்று மலாயில் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, சும்மா இரு என்று கண்ணால் சொன்னாள்.

நான் சும்மா இருந்தேன். ஒரு மணிக்கு நீங்களும் அங்கிளும் வந்தீர்கள். நீங்கள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ பக்கத்துல இருந்ததால ஆச்சு," என்றீர்கள். அப்போதும் சும்மா இருந்தேன். அப்போதே சொல்லியிருந்தால் உங்களுக்கு இந்த நான்கு நாள் அழுகை இருந்திருக்காது. அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன்.

நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு அவளிடம் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்ன?"

"வேற என்னா சொல்றது? எங்க லீடர் பத்தரைக்குதான் குடிக்கணும்னாங்கன்னா? கேக்குறவங்க சிரிப்பாங்க. தாகம் எடுத்தா குடிக்க எனக்குத் தெரியாதா குணாக்கா? பாட்டில் என் பையிலதானே இருந்துச்சி." டிரிப் ஏறும் கையைத் திருப்பிப் பார்த்தாள். "ஆனா தெரியல. அதான் எனக்கே பயமா இருக்கு. தாகமாவே தெரியல."

ஆண்டி, நான் யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. ஆனாலும் ஒரு பெண்ணுக்குத் தாகம் என்ன என்பதே மறந்துபோகும்படி செய்திருக்கிறேன். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மலை வேண்டியிருந்தது.

நேற்று, செவ்வாய்க்கிழமை, வேலைக்கு இறங்கினோம். ஒன்பது மணிக்கு நான் நான்காம் மிஷினுக்குப் போய், நின்ற பிள்ளையை விலகச் சொல்லி, "போயி தண்ணி குடிச்சிட்டு வா. அடுத்து அஞ்சாம் மிஷின்," என்றேன். அவள் நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். "என்னா தப்பு பண்ணேன் லீடர்?" என்று முகமூடிக்குள்ளிருந்து கேட்டாள். ஒவ்வொருவராக அனுப்பினேன். ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம். காமினி மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, எனக்குத் தெரியும்படி ஒரு கோப்பைத் தண்ணீரை சூப் குடிப்பதுபோல் குடித்தாள்.

சூப்பர்வைசர் மோகனராஜ் வந்தார். "என்ன குணா, உங்க லைன்ல திருவிழாவா?"

"தண்ணி சார். இனிமே ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ. நான் மாத்தி நிப்பேன்."

"நம்பர் இறங்குமே."

"இறங்கும் சார்."

அவர் என்னையே பார்த்தார். நான் இப்படி ஒரு வாக்கியம் சொல்லி அவர் கேட்டதில்லை. "எழுதிக் குடுங்க. ஒரு மாசம் பாப்போம்," என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கடிதம் அரைப் பக்கம்தான். உங்களுக்குத்தான் இவ்வளவு நீளம்.

இப்போது நன்றி. உங்கள் குரல் செய்தியில் எனக்கு வந்ததை நான் வைத்துக்கொள்ள முடியாது. அது இக்மலுக்கும் நல்லமுத்து அண்ணனுக்கும் சேர வேண்டியது. அவர்கள் தோட்டத்துக்கு வழி காமினிக்குத் தெரியும். என் பங்குக்கு எனக்கு வேறு நன்றி இருக்கிறது. நான் ஏற்றி வைத்த பழக்கத்தில் விழுந்து, எழுந்ததும் என்னையே காப்பாற்றிப் பேசிய பெண்ணைப் பெற்று வளர்த்தவர் நீங்கள். ஐந்து தடவை போன் செய்து எங்களைத் தூங்கவிடாமல் செய்தவரும் நீங்கள்தான். அன்று எரிச்சலாக இருந்தது. இப்போது, மேலே ஏறும்போது ஆறாவது அழைப்பு வந்திருக்கக் கூடாதா, "தண்ணி குடிச்சியா?" என்று கேட்டிருக்க மாட்டீர்களா என்று நினைக்கிறேன். அங்கே சிக்னல் இல்லை.

நாளை காமினி உங்கள் பக்கம் வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். வெள்ளிக்கு முன்னால் உங்களுக்கு இது வந்து சேர வேண்டும் என்பதுதான் என் அவசரம். எவ்லின் உடம்பு தேறும்வரை ஒருசந்தி இருப்பதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விஷயம், நான் தலையிடவில்லை. தண்ணீர் குடித்தால் ஒருசந்தி முறியாது என்று எவ்லின் சொல்கிறாள். அவள் சொல்வதை நம்பலாமா என்று தெரியவில்லை. நீங்கள் சொன்னால் நம்புவேன்.

டிபன் கேரியரைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டிலும் இல்லை. நான் சமைப்பது வாயில் வைக்க முடியாது என்று எவ்லின் சொல்லியிருப்பாள். ஞாயிறு காலை நல்லமுத்து அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்து, சர்க்கரையில் ஊறவைத்த ஜாதிக்காய் ஒரு பெரிய பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார். "வெயில் புள்ளைக்கு," என்றார். அவள் சாப்பிட்டதுபோக மீதி என்னிடம் இருக்கிறது. மூன்று அடுக்கிலும் அதையே போட்டுக் கொண்டுவருகிறேன்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு வருவேன். எனக்குச் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால், வாசலிலேயே நிறுத்தி வைத்துச் சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறேன். உள்ளே வா என்றால் வருகிறேன். வியட்நாமைப் பற்றி நீங்களாகப் பேசும்வரை நான் பேச மாட்டேன்.

உங்கள் பிளாக்கில் லிஃப்ட் மறுபடி கெட்டுவிட்டதாக எவ்லின் சொன்னாள். பதினோரு மாடி. பரவாயில்லை ஆண்டி, ஏறி வருகிறேன். நான்காவது மாடியில் ஒரு தடவை, எட்டாவதில் ஒரு தடவை நின்று குடித்துக்கொள்வேன். நடுவில் தாகம் எடுத்தால் நடுவிலும்.

இப்படிக்கு,
குணவதி